ஜெர்மனியில் டோர்ட்மண்டில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மற்றதை அவனே சொல்வான்.

போனில் பேசும்போது நீ நலம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அம்மாவிடம் கொடுங்கள் என்கிறாய். அம்மாவிடம் குளிரைப் பற்றி மட்டும் பேசுகிறாய். அதனால்தான் கடிதம். அக்டோபர் கடைசி ஞாயிறோடு அங்கே கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள், இனி நேரம் ஒத்துவராது என்றாயாம். நாலரை மணி நேர வித்தியாசம்தானே அம்மா? அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே ஒன்றரை. அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் விழித்துத்தான் இருக்கிறேன். தயங்காமல் கூப்பிடு.

மொழி வகுப்பை நிறுத்தி வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். காரணம் கேட்டதற்கு, எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார், அவசரமில்லை என்றாயாம். மாப்பிள்ளை பொறுப்பானவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் பார்த்துக்கொள்வது வேறு, நீ கற்றுக்கொள்வது வேறு. அந்த வகுப்பில் ஜெர்மன் மொழிக்கு 600 பாடவேளை, நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறைக்கு 100 பாடவேளை. முடித்தால் பி1 என்னும் இடைநிலைத் தேர்வு. பாதிக்கு மேல் கடந்துவிட்டாய். ஜெர்மன் சொல்லித்தரும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1 என்னும் தொடக்கநிலைத் தேர்வை முதல் தடவையிலேயே எழுதித் தேறியவள் நீ. கல்யாணத்தன்று சம்பந்தியம்மாளிடம் நீ அவர்கள் மொழியிலேயே பேசியதைப் பெரியப்பா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவள் மருத்துவரிடம் போவதற்கும் வங்கிக்குப் போவதற்கும் ஒருவர் கூட வர வேண்டும் என்று காத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வங்கி என்றதும் இன்னொன்று. உன் பெயரில் தனியாக ஒரு கணக்கு இருக்கட்டும். கூட்டுக் கணக்கு இருப்பது சரிதான், அதோடு இதுவும். பெரிய அத்தை அந்த வீட்டில் எப்படி இருந்தாள் என்பதை நீ கண்ணால் பார்த்தவள். நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

உன் படிப்பைப் பற்றியும் விசாரித்தேன். அங்கே மருந்தாளுநராக வேலை பார்க்க அப்ரோபேஷன் என்னும் உரிமம் வேண்டும். நம் பட்டத்தை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறை இருந்து அது அனுபவத்தாலும் ஈடாகாவிட்டால் ஒரு தேர்வு. அதற்கும் மேல் சி1 என்னும் உயர்நிலை அளவில் தொழில்மொழித் தேர்வு. நீண்ட வழிதான், மறுக்கவில்லை. இரவெல்லாம் விழித்துப் படித்து வாங்கிய பட்டம் அலமாரியில் கிடக்கவா? ஜெர்மன் குடிமகனின் மனைவி என்ற முறையில் உனக்கு வேலை செய்யும் உரிமை முதல் நாளிலிருந்தே உண்டு. அதை யாரும் கொடுக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே உன்னுடையது. ஆனால் எல்லாவற்றுக்கும் மொழி வேண்டும். வகுப்பை விட்டுவிடாதே.

அங்கே போய் ஆறு மாதம் ஆனதும் நம் ஓட்டுநர் உரிமம் செல்லாது என்பதையும் பார்த்தேன். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதலாமாம், பிறகு ஓட்டிக் காட்ட வேண்டும். நம் ஊர் நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டியவளுக்கு அது பெரிதா?

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. குடியேற்றச் சட்டத்தைத் தேடித் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? கணவரோடு ஜெர்மனியில் சேர்ந்து வாழ்ந்து மூன்று ஆண்டுகள் நிறைந்தால்தான் மனைவியின் வசிப்புரிமை அவரைச் சாராமல் தனியாக நிற்கும். உனக்கு இன்னும் நிறையவில்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்தால் அந்த மூன்று ஆண்டுகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அதே சட்டம் விதிவிலக்கும் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட பெண்களுக்கு 116016 என்று ஓர் உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை, பல மொழிகளில் பேசுகிறார்கள். உன் வகுப்பில் வெளிநாட்டுப் பெண்கள் பலர் இருப்பார்கள் அல்லவா, அவர்களில் யாருக்காவது உதவும். குறித்து வைத்துக்கொள். வேறு எதற்காகவும் எழுதவில்லை.

குளிர்காலத்தில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று சொல்லியிருந்தாய். அதற்காக வீட்டுக்குள்ளேயே இருந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும், பொழுது போகாது. ஹாம் நகரத்துக்கு உங்கள் ஊரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. வந்த நாட்டில் ஒன்றும் இல்லாமல் தொடங்கியவர்கள் இன்று தேர் இழுக்கிறார்கள். மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போ. அவருக்கு வர முடியாவிட்டால் தனியாகப் போய் வா. தமிழில் நாலு பேரிடம் வாய்விட்டுப் பேசினாலே மனம் லேசாகும்.

போன தடவை கேமரா சரியில்லை என்றாய். அதற்கு முந்தைய தடவையும் அதே. அம்மா உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நானும்தான். மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரமாக இருந்தாலும் சரி, இருக்கும் நேரமாக இருந்தாலும் சரி, ஒரு நாள் முகத்தைக் காட்டிப் பேசு. இங்கே உன் அறை அப்படியே இருக்கிறது. டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வந்து போக நினைத்தால் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, தேதியைச் சொல்.

உன் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பதிவுச் சான்று எல்லாவற்றுக்கும் சான்றொப்பமிட்ட நகல்கள் எடுத்துவிட்டேன். பதிவுத் தபாலில் உன் பெயருக்கே அனுப்பப் போகிறேன். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் பெரும்பாலும் கிடையாது, தபால் பெட்டியில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள், பெயர் இல்லாவிட்டால் திருப்பிவிடுவார்கள் என்கிறார்கள். நீ நம் வீட்டுப் பெயரை மாற்றவில்லை. உங்கள் பெட்டியில் மாப்பிள்ளை பெயரோடு உன் பெயரும் இருக்கிறதா என்று கீழே இறங்கிப் பார்த்துச் சொல். இல்லையென்றால் முதலில் அதை எழுதி ஒட்டு. நீ சொன்ன பிறகுதான் தபாலில் சேர்ப்பேன்.

அன்புடன்,
அப்பா