சர்வரை மாற்ற முடியாது என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் ஆன்லைன் விளையாட்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு சர்வர், ஆயுதம், பயணம் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவது, அதுபற்றிப் போட்ட மூன்று புகார் டிக்கெட்டுகளையும் படிக்காமல் மூடியது தொடர்பாக.

வணக்கம்.

உங்கள் ஆன்லைன் ஃபேன்டஸி விளையாட்டை வாங்கி, மூன்று மாதச் சந்தாவையும் சேர்த்துக் கட்டி, ஐந்து வாரமாக விளையாடுகிறேன். இந்த வகை விளையாட்டு எனக்கு இதுதான் முதல் தடவை. விளையாட்டுக்குள் நான் இயக்கும் கேரக்டர் இப்போது 23-ஆம் லெவலில் நிற்கிறது. இதுவரை மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "விளையாட்டின் விதிகளை அறிந்துகொள்வது வீரரின் பொறுப்பு. உங்கள் சாகசம் இனிதே தொடரட்டும்!" கீழே ஒரு வாள் படம். அத்தோடு டிக்கெட் மூடப்பட்டுவிட்டது. அதனால் நடந்ததை எல்லாம் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இதில் சேர்ந்ததற்கு ஒரே காரணம் என் அக்கா. அவள் தொலைவில் இருக்கிறாள், இரண்டு வருடமாக இதை விளையாடுகிறாள். வாரத்துக்கு இரண்டு ராத்திரியாவது சேர்ந்து விளையாடலாம் என்று பேசிவைத்திருந்தோம். கணக்குத் தொடங்கியதும் திரையில் 34 சர்வர்களின் பெயர்கள் வந்து நின்றன. மலை, சாம்பல், நிலா, டிராகன் என்று ஒவ்வொன்றும் கவிதைத் தலைப்பு மாதிரி இருந்தது. பக்கத்தில் 'குறைவு', 'நடுத்தரம்', 'அதிகம்', 'நிரம்பியது' என்று ஒரு சொல். ஒரே ஒரு பெயரின் மேல் மட்டும் தங்க நிறத்தில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று மின்னிக்கொண்டிருந்தது.

அந்தப் பட்டியலை முதல் தடவை பார்க்கிறவர் என்ன நினைப்பார்? சர்வர் என்பது ஒரு வாசல், எந்த வாசல் வழியாகப் போனாலும் உள்ளே ஒரே வீடுதான் என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு சர்வரும் அதே உலகத்தின் தனி நகல், ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பார்க்கவே முடியாது என்று அந்தத் திரையில் எங்கேயும் எழுதியில்லை. மின்னியதை அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஆறு ராத்திரி, 11 லெவல் தாண்டிய பிறகு நண்பர்கள் பட்டியலில் அக்காவின் கேரக்டர் பெயரைத் தேடினேன். 'அப்படி ஒரு வீரர் இல்லை' என்று வந்தது. எழுத்துப் பிழையோ என்று நான்கு தடவை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துவிட்டு அவளுக்கே போன் செய்தேன்.

"டேய், நீ எந்த சர்வர்ல இருக்க?"

"ஏதோ ஒண்ணு மின்னுச்சுக்கா. அதுல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அவளாவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு வருடம் விளையாடியவளுக்கு சர்வர் தேர்வு என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. ஒரே ஒரு தடவை வந்து போகிற திரை அது. அதனாலேயே அதில் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

'பரிந்துரைக்கப்பட்டது' என்றால் ஆள் குறைவாக இருக்கிற சர்வர் என்று அர்த்தமாம். அதையும் அவள்தான் சொன்னாள். உங்களுக்கு ஆள் சேர்க்க வேண்டிய சர்வரை எனக்கு நல்லது போலக் காட்டியிருக்கிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குத் தலைநகரத்தின் கடைவீதியில் நான் பார்த்தது மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். மறுநாள் போனபோதும் அவர் அங்கேயேதான் நின்றார். ஐந்து பேர் சேர்ந்தால்தான் திறக்கும் நிலவறைக்கு ஆள் கேட்டு 50 நிமிடம் காத்திருந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சரி, மாறிக்கொள்ளலாம் என்று பார்த்தால், சர்வர் மாற்றத்துக்குக் கட்டணம் ஒரு மாதச் சந்தாவுக்குச் சமம். அதோடு 30-ஆம் லெவல் தாண்டியிருக்க வேண்டும். அதாவது, அக்காவோடு விளையாட வேண்டுமென்றால் அக்கா இல்லாமல் 30 லெவல் ஏற வேண்டும், அப்புறம் காசும் கட்ட வேண்டும்.

வீரர்களைத் தனித்தனி சர்வர்களாகப் பிரிப்பது ஏன் என்று தெரியாமல் பேசவில்லை. எல்லோரையும் ஒரே இடத்தில் அடைத்தால் எந்தக் கணினியும் தாங்காது. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனிலேயே உலகத்தைப் பல நகல்களாகப் பிரித்து 'ஷார்டு' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அதற்கப்புறம் எவ்வளவோ மாறிவிட்டது. கில்ட் வார்ஸ் 2 விளையாட்டில் 2014-இலேயே மெகாசர்வர் கொண்டுவந்து, ஒரே பிராந்தியத்தில் எந்த சர்வரைச் சேர்ந்தவர்களையும் ஒரே இடத்தில் சந்திக்கவைத்துவிட்டார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் சர்வருக்கு 'உலகம்' என்று பெயர், பல உலகங்கள் சேர்ந்த தொகுப்பு ஒரு டேட்டா சென்டர்; 2019 முதல் அதே டேட்டா சென்டரில் உள்ள வேறு உலகத்துக்குப் போய்வரலாம், 2022 முதல் வேறு டேட்டா சென்டருக்கே போகலாம். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் ஒரே கேரக்டரை வைத்துக்கொண்டு உலகம் விட்டு உலகம் தாவலாம். ஒவ்வொன்றும் எந்த நாட்டில் இருக்கிறது, உள்ளே எத்தனை பேர் என்று பட்டியலிலேயே போட்டிருப்பார்கள். இதையெல்லாம் நாளைக்கே கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தத் திரையில் ஒரு வரி போடச் சொல்கிறேன்.

சர்வர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் உங்கள் பட்டியலில் இல்லை. எனக்கு வாய்த்ததோ உலகின் இன்னொரு கோடியில் இருக்கிறது. ஃபைபர் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக 50 மில்லிவிநாடி, வர 50 மில்லிவிநாடி. அது ஏட்டுக்கணக்கு. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் எத்தனையோ ரவுட்டர்கள் வேறு. என் பிங், அதாவது போய்வர ஆகும் நேரம், 260 மில்லிவிநாடி.

இந்தக் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. உங்கள் அரக்கர்கள் அடிப்பதற்கு முன்னால் தரையில் ஒரு சிவப்பு வட்டம் விழும், அதிலிருந்து வெளியே ஓடிவிட வேண்டும். நான் ஓடிவிடுவேன். வட்டத்துக்கு இரண்டு அடி வெளியே நின்று மூச்சு வாங்கும்போது செத்து விழுவேன். என் திரையில் நான் வெளியே இருந்தாலும் சர்வரின் கணக்கில் இன்னும் உள்ளேதான் இருந்திருக்கிறேன். இது புரிய இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை என் விரல்தான் மந்தம் என்று நினைத்து ஒரு புது மவுஸ்கூட வாங்கினேன். அந்தக் காசை உங்களிடம் கேட்கப்போவதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது ஆயுதம். என் கேரக்டர் மறைந்திருந்து முதுகில் குத்துகிற வகை. கையில் ஒரு கத்தி இருந்தது. 19-ஆம் லெவலில் ஒரு குகைப் பெட்டியிலிருந்து ஊதா நிறப் பெயரோடு இரட்டைக்கைக் கோடரி கிடைத்தது. கத்தியின் டேமேஜ், அதாவது ஒரு அடியில் எதிரிக்கு ஆகும் சேதம், 40. கோடரியின் டேமேஜ் 84 என்று இவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தது. யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? கோடரியை மாட்டினேன். மாட்டிய பிறகு ஒரு வரி வந்தது: 'இந்த ஆயுதம் இனி உங்களோடு பிணைக்கப்பட்டது.'

'இனி' என்று சொல்லிவிட்ட பிறகு அந்தத் தகவலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முதுகில் குத்துகிற ஸ்கில்லின் பட்டன் சாம்பல் நிறமாகிவிட்டது. அதற்குக் கத்தி வேண்டுமாம். கோடரியின் டேமேஜ் வலிமையைப் பொறுத்து ஏறும், என் கேரக்டர் வகைக்கு ஏறுவது சுறுசுறுப்பு மட்டும்தான். அதை விடுங்கள், அந்த 84-ஏ பொய்க்கணக்கு. கத்தி 1.4 விநாடிக்கு ஒரு தடவை குத்தும், கோடரி 3.4 விநாடிக்கு ஒரு தடவைதான் விழும். வகுத்துப் பார்த்தால் கத்தி விநாடிக்கு 28-க்கு மேல், கோடரி 25-கூட இல்லை. அந்த விநாடிக் கணக்கை நீங்கள் எண்ணாகக் காட்டுவதில்லை. 'மெதுவானது' என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எவ்வளவு மெதுவானது என்பதை அக்காதான் போனில் எண்ணச்சொல்லிக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

கோடரியை ஏலக்கூடத்தில் விற்றிருந்தால் 900 பொற்காசு கிடைத்திருக்கும். குதிரையின் விலை 600. மாட்டிவிட்டதால் இப்போது அதை யாருக்கும் விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. பழைய கத்தியைக் கொல்லனிடம் 2 வெள்ளிக்காசுக்கு ஏற்கெனவே தள்ளிவிட்டிருந்தேன். லாகவுட் செய்துவிட்டுத் திரும்ப வந்தபோது கொல்லனிடம் திரும்ப வாங்கும் பட்டியலும் காலியாக இருந்தது.

பிணைக்கும் விதியே தப்பு என்று சொல்லவில்லை. ஒரே வாள் நூறு கை மாறிக்கொண்டே இருந்தால் புதிதாகச் செய்கிறவனிடம் யார் வாங்குவார்கள்? விதி நியாயம்தான், அதைச் சொல்லும் நேரம்தான் தப்பு. 2004-இல் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் இப்படிப்பட்ட பொருளை மாட்டப்போனால், மாட்டினால் பிணைந்துவிடும், சம்மதமா என்று கேட்டு ஒரு பெட்டி வரும். அந்த ஒரு பெட்டியைத்தான் கேட்கிறேன்.

பயணத்தைப் பற்றி இவ்வளவு கோபம் இல்லை. நடந்தேதான் முதல் தடவை போக வேண்டும், அந்தந்த ஊரின் கல்லைத் தொட்ட பிறகுதான் அங்கே நொடியில் போகும் டெலிபோர்ட் திறக்கும் என்பதை நான் ரசிக்கவே செய்தேன். ராத்திரியில் அந்தச் சதுப்பு நிலத்தைக் கடக்கும்போது மின்மினிகள் எழும்புமே, அதை வரைந்தவருக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். ஆனால் துறைமுகத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு குவெஸ்ட்டுக்காக, அதாவது விளையாட்டு கொடுத்த ஒரு வேலைக்காக, துறைமுகத்துக்குப் போனேன். மேடையின் இரண்டு பக்கமும் இரண்டு கப்பல்கள். எது எங்கே போகிறது என்று பலகை இல்லை. பக்கத்தில் நின்ற காவலனைக் கேட்டால் "கடல் அன்னை உன்னைக் காக்கட்டும்" என்றான். திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னான், உங்கள் சப்போர்ட் பிரிவு மாதிரி. இடது பக்கக் கப்பலில் ஏறினேன். இறங்கிய இடம் வேறு கண்டம். 35-ஆம் லெவல் பறவை ஒன்று மேடையிலேயே என்னைத் தூக்கிக்கொண்டு போனது.

சரி, ஊருக்குக் கொண்டுபோய்விடும் திரும்பும் கல் கையில் இருக்கிறதே என்று அதை அழுத்தினேன். அது என்னைத் தொடக்க ஊருக்குக் கொண்டுபோகவில்லை. முந்தின நாள் மலைமேல் ஒரு சத்திரத்தில் சத்திரக்காரி "இங்கேயே தங்குகிறாயா?" என்று கேட்டாள். கேட்கிறாளே என்று ஆமாம் சொல்லியிருந்தேன். அந்த ஒரு ஆமாமில் என் கல்லின் ஊர் மாறிவிட்டது என்று யார் கண்டது? மலையிலிருந்து கீழே இறங்கும் வழியெல்லாம் ஓநாய்கள். கல்லை மறுபடி பயன்படுத்த 60 நிமிடம் ஆகும். அன்றைக்கு விளையாட்டு அத்தோடு முடிந்தது.

இப்போது எனக்கு வேண்டியது இதுதான். என் கேரக்டரை அக்கா இருக்கும் சர்வருக்கு ஒரு தடவை, கட்டணமும் லெவல் நிபந்தனையும் இல்லாமல் மாற்றிக்கொடுங்கள். அது முடியாதென்றால் மீதமுள்ள சந்தாத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள். கோடரியின் பிணைப்பை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் கத்தியையாவது திருப்பித் தாருங்கள். கத்தி கிடைத்தாலே எனக்குப் போதும். சர்வர் திரையில் அது எங்கே இருக்கிறது, பிங் எவ்வளவு, பின்னால் இலவசமாக மாற முடியாது, நண்பர்கள் இருந்தால் அவர்கள் இருக்கும் சர்வரையே எடுங்கள் என்று போடுங்கள். இது எனக்காக இல்லை, அடுத்து அதை அழுத்தப்போகிறவருக்காக. துறைமுகத்தில் ஒரு பலகை வைப்பதும் பெரிய வேலை என்று தோன்றவில்லை.

சர்வர் திரை, கோடரியின் விவரம், மூன்று டிக்கெட்டுகளுக்கும் வந்த பதில் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்திருக்கிறேன். சந்தா முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதற்குள் பதில் வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த ஒரு மனிதர் எழுதிய பதிலாக அது இருக்கட்டும். வாள் படம் வேண்டாம்.

இப்படிக்கு,
மலைமேல் சத்திரத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்கள் வாடிக்கையாளர்