ஸ்கேனோடு நிறுத்திவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரல் கொழுப்பு பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, நடை பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் பர்மாவில் இருக்கும் நம் ஜனங்களுக்கு முதலில் சொல்லவேண்டியது விட்டுப்போயிருக்கிறது. ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அதாவது ஈரல் கொழுப்பு என்று வந்தாலும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் இரண்டுக்கும் ரத்தம் பார்த்தே ஆகவேண்டும். யாங்கோனில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல காலம் வேலை பார்த்தவள் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

2015-இல் இந்த நாட்டில் எடுத்த கணக்கில், நூறு பேரில் ஆறேழு பேருக்கு பி இருந்தது. சி-யின் அடையாளம் இரண்டு மூன்று பேருக்கு. குழந்தைகளுக்கான பி தடுப்பூசியே இங்கே 2003-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான்.

என் கொழுந்தனார் யாங்கோனின் தாம்வே பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை உண்டு, தொந்தி உண்டு, குடி கிடையாது. ஓயாத அசதி என்று போனவருக்கு ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எடுத்து, 'கொழுப்பு, கிரேடு ஒன்று' என்று எழுதி, எண்ணெயைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனுஷர் காலையில் சாப்பிடும் மொகிங்கா நூடுல்ஸை விட்டார், ராத்திரிச் சோற்றை விட்டார், இளைத்தும் போனார். ஈரல் பாதித்தால் ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம் மட்டும் இறங்கவில்லை. நான் பிடிவாதம் பிடித்த பிறகுதான் சி-க்குப் பார்த்தார். வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்ட்டிபாடி இருந்தது. எப்போதோ வந்து போன தொற்றுக்கும் அது காட்டும் என்பதால் வைரஸையும் பார்த்தோம். இருந்தது, மூன்றாம் வகை. இங்கே பரவலாக இருக்கும் இந்த வகை, தானே ஈரலில் கொழுப்பைச் சேர்க்கக்கூடியது. ஆக, கொழுப்பு இருந்தது நிஜம். சர்க்கரைதான் காரணம் என்று அத்தோடு முடித்ததுதான் தப்பு. 12 வாரம் மாத்திரை சாப்பிட்டார். அது முடிந்து இன்னொரு 12 வாரம் கழித்துப் பார்த்தபோது வைரஸ் இல்லை.

பி அப்படி எளிதில் ஒழியாது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம். ஈரல் சுருங்காமலேயே புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது அது. அதை உள்ளே வைத்துக்கொண்டு கொழுப்புக்கு மட்டும் பத்தியம் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சாதாரண ஸ்கேனில் கொஞ்சக் கொழுப்பு தெரியவே தெரியாது. தெரிந்தாலும், வெறும் கொழுப்பா, வீக்கமும் சேர்ந்ததா என்று அது சொல்லாது. எஸ்.ஜி.பி.டி. சரியாக இருப்பதால் ஈரல் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு என்சைம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் குடியைச் சந்தேகிப்பார்கள். வீட்டார் எதிரில் கேட்டால் யார் ஒத்துக்கொள்கிறார்கள்? மூட்டு வலிக்கு என்று கடையில் வாங்கும் கலவை மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவும் கொழுப்பைச் சேர்க்கும். அந்தப் பொட்டலத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஈரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று பார்க்க வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ரத்தத்தில் உள்ள பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவார்கள். 1.3-க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. மேலே போனால், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கவேண்டும். கைவசம் உள்ள ரிப்போர்ட்டே போதும், டாக்டரிடம் கணக்குப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த மலரில் பி-க்கான 'ஹெச்.பி.எஸ். ஏ.ஜி.', சி-க்கான 'ஆன்ட்டி ஹெச்.சி.வி.' என்ற இரண்டு பரிசோதனைகளின் பெயர்களையும் கட்டம் கட்டிப் போடுங்கள். வாசகர்கள் கத்தரித்து எடுத்துப்போய் டாக்டரிடம் நீட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியை,
தாம்வே, யாங்கோன்.