எண்பது நாள் படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

நேற்று ராத்திரி 'அரவுண்ட் தி வேர்ல்டு இன் 80 டேஸ்' படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். நாம் பார்த்த அதே 1956 டேவிட் நிவன் படம். அம்மா பாதியிலேயே தூங்கிவிட்டாள். பலூன் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிப் போகும்போது வேலைக்காரனாக வரும் கான்டின்ஃபிளாஸ் சிகரத்துப் பனியைக் கையால் அள்ளுவாரே, அப்போது நீயும் சோபாமேல் ஏறிக் கை நீட்டுவாய். நாவலில் பலூன் பயணமே கிடையாது என்று ஆறாவது படிக்கும்போதே படித்துவிட்டு வந்து சொன்னவள். இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவளிடமிருந்து மூன்று வாரமாகப் போன் இல்லை. 'ஓகேப்பா' என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான். சரி, வேலை இருக்கும். சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதே.

கடைசிக் காட்சிதான் மனசை விட்டுப் போகவில்லை. எண்பது நாளில் உலகத்தைச் சுற்றி வருவதாகப் பந்தயம் கட்டிய ஃபாக்கை லிவர்பூலில் துப்பறிவாளன் ஃபிக்ஸ் பிடித்து வைத்துவிடுகிறான். கெடு தாண்டிவிட்டது, 20,000 பவுண்டு போச்சு என்று ஃபாக் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார். ஆனால் கிழக்கு நோக்கியே போனதில் டிகிரிக்கு 4 நிமிஷம், 360 டிகிரிக்கு 24 மணி நேரம் மிச்சமாகியிருக்கிறது. வெளியே போன வேலைக்காரன் ஓடிவந்து சொல்லும்வரை அவருக்கு அது தெரியாது.

அந்த ஒரு நாள் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு என்னைக் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "தொணதொணக்காமல் படத்தைப் பார்" என்று அதட்டினேன். நீ எழுந்து போய் ஆரஞ்சுப் பழத்தில் குண்டூசி குத்தி, டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டாய் என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. என்னிடம் வந்து காட்டவில்லை. அதற்கப்புறம் எதையும் கேட்கவும் இல்லை. நான் அதைச் சமத்து என்று நினைத்துக்கொண்டேன்.

போன பொங்கலுக்கு வந்தபோதும் மாடியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். "எல்லோர் குடும்பத்திலும் இருப்பதுதான், பொறுத்துப் போ" என்று முடித்துவிட்டேன். அதுவும் எனக்குத் தெரியாத விஷயம்தான், பாப்பா. தெரிந்த மாதிரி பேசிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். உனக்கு அங்கே அப்போது சனிக்கிழமை ராத்திரிதான். நீ சொல், நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

அப்பா