கோடைத் தொண்டுக்கு இன்னும் 4,570 பவுண்ஸ் வேண்டும்

எங்கள் லண்டன் சனிக்கிழமைப் பள்ளியின் பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் வாராவாரம் வகுப்பு முடியக் கதிரை அடுக்கித் தரும் அப்பாமாருக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறோம். இலங்கையின் வன்னியில் நாங்கள் கைகொடுத்துவரும், கோடையில் எங்கள் மாணவர் தொண்டுக்குப் போகும் சிறுவர் இல்லத்துக்கு இந்த வருடம் 11,750 பவுண்ஸ் தருவதாக வாக்குக் கொடுத்தோம். கையில் இருப்பது 7,180. போன வருடம் இதே கிழமையில் பத்தாயிரத்தைத் தாண்டி நின்றோம். ஜூன் 15க்குள் மிச்சம் சேராவிட்டால், இரண்டு பராமரிப்பு அம்மாமாரில் ஒருவரை நிறுத்த வேண்டிவரும் என்று இல்லத்தார் எழுதியிருக்கிறார்கள்.

ஏன் குறைந்தது என்பது எங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டீர்கள். இந்த வருடம் படம் வரவில்லை. லண்டனில் இருந்து போன எங்கள் பிள்ளையின் மடியில் அங்கத்தைய குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும் படம் வட்ஸப்பில் வந்தால்தான் எங்கள் கை பொக்கற்றுக்குள் போகிறது. அந்தப் படங்களை இனி எடுப்பதில்லை என்று முடிவெடுத்தது நாங்கள்தான். அதற்கு ஒரு கதை உண்டு.

1983 ஆடிக்குப் பிறகு ஒரு சூட்கேசோடு வந்திறங்கிய ஆட்கள், ஒரு தேவாலய மண்டபத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தொடங்கியதுதான் எங்கள் சனிக்கிழமைப் பள்ளி. பலகையும் இல்லை, புத்தகமும் இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது, விடுமுறைக்குப் பூட்டியிருந்த அதே மண்டபத்தைத் திறந்து பால்மாப் பெட்டி அடுக்கியவர்கள் அவர்கள். 2009க்குப் பிறகு, ‘காசு மட்டும் அனுப்பினால் போதாது, பிள்ளைகள் போய்ப் பார்க்க வேண்டும்’ என்று பிடிவாதம் பிடித்ததும் அவர்கள்தான். 2012 கோடையில் முதல் ஐந்து மாணவர் கொழும்பில் இறங்கி, ஏ9 வீதியால் கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அந்த ஐவரையும் வழியனுப்ப விமான நிலையத்துக்கு நாற்பது பேர் வந்தோம். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அன்றைய பெருமை அப்படி. கொரோனாக் காலம் தவிர ஒரு கோடையும் தவறவில்லை.

போய்வந்த மாணவி ஒருத்தி எங்கள் கூட்டத்தில் எழுந்து ஒரு விஷயம் சொன்னாள். இல்லத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் அவளைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, ‘அக்கா, நீங்கள் எத்தினையாம் திகதி போவீங்கள்?’ பெயரைக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

அன்று கூட்டம் நேரத்துக்கு முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் புது அக்கா, புது அண்ணா. நாலு கிழமை தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டுக் கண்ணீரோடு ஏறிவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு கோடை, அவனுக்கு அது எத்தனையாவது பிரிவு? ருமேனியாவில் இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, மாறாத ஒரு முகம் பக்கத்தில் இருப்பது குழந்தைக்குச் சோறு போல என்பதைக் காட்டியது. பெற்றோரின் அரவணைப்பு இல்லாத பிள்ளைகள் பற்றி 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை எடுத்த தீர்மானம், சுற்றுலாவோடு சேர்ந்த இல்லத் தொண்டால் வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டது. நல்ல மனதோடு போனவர்கள்தான் நாங்கள். ஆனாலும் அந்தத் தீர்மானம் பேசுவது எங்களைப் பற்றியும்தான். படங்களை நிறுத்தியது அதனால்தான்.

இன்னொன்றையும் பிந்தித்தான் விசாரித்தோம். அந்த இல்லத்தில் இருக்கும் 31 பிள்ளைகளில் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் 6 பேர். மற்றவர்களுக்கு ஊரில் யாரோ இருக்கிறார்கள். சிலரின் அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார். போரில் காலை இழந்த அப்பாவும், பார்வை மங்கிய அம்மம்மாவும் இருக்கிறார்கள். பிள்ளையை வேண்டாம் என்று விட்டவர்கள் இல்லை, அடுப்பு எரியாததால் விட்டவர்கள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்கள அலுவலர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, மாதம் ஒரு தொகை கிடைத்தால் 9 பிள்ளைகள் உறவினரிடம் திரும்பலாம் என்கிறார்.

கணக்கு இதுதான். பவுணுக்கு 400 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். அந்த 9 பிள்ளைகளின் வீட்டுக்கும் மாதம் தலா 15,000 ரூபாய், ஒரு வருடத்துக்கு 4,050 பவுண்ஸ். பராமரிப்பு அம்மாமார் இருவருக்கு மாதம் தலா 55,000 ரூபாய்ப்படி 3,300 பவுண்ஸ். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் மாலை வகுப்பு ஆசிரியர் இருவர், தலா 30,000 ரூபாய்ப்படி 1,800. ஒழுகும் கூரைக்கும் கிணற்றுக் கட்டுக்கும் 2,600.

மாணவர் பயணச் செலவு இதில் இல்லை. முந்தின வருடங்களில் விமான டிக்கெட்டில் பாதியை உங்கள் நன்கொடையில் இருந்துதான் கொடுத்தோம். ஒரு பிள்ளையின் டிக்கெட் 900 பவுண்ஸ் என்றால் அது அங்கே ஓர் ஆசிரியரின் ஒரு வருடச் சம்பளம் என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பதில் சொல்ல எங்களிடம் வாய் இருக்கவில்லை. இந்த முறை போகும் எட்டுப் பேரும் வார இறுதியில் கடையில் நின்று உழைத்த காசில் போகிறார்கள். குற்றப்பதிவுச் சான்று எடுத்திருக்கிறார்கள். இல்லத்தில் தங்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் பக்கம் போகாமல், பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு அங்கத்தைய ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்கள், நூலகத்தை ஒழுங்குபடுத்துவார்கள்.

அப்படியானால் ஏன் அனுப்ப வேண்டும், காசை மட்டும் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால், அந்தப் பயணம் அங்குள்ளவர்களை விட எங்கள் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் தேவை. மாதாமாதம் வங்கியில் இருந்து தானாக வரும் எங்கள் நன்கொடைகளில் பெரும்பங்கு, முன்பு போய்வந்தவர்களுடையது.

நன்றி சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஓய்வூதியத்தில் ஐந்து பவுண்ஸை மடித்து, பழைய பிறந்தநாள் கடித உறையில் போட்டுச் சனிக்கிழமை தவறாமல் தரும் அம்மாவுக்கு நன்றி. நவராத்திரிக்குச் சுண்டல் விற்றுச் சேர்த்துத் தந்த கோயில் மாதர் அணிக்கு நன்றி. 2022இல் அங்கே பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் இரவு பகலாக வரிசையில் நின்றபோது, கேட்காமலே இரட்டிப்பாகத் தந்தவர்களுக்கு நன்றி. வீட்டுக் கடனின் வட்டி ஏறிய பிறகும் மாதப் பத்துப் பவுண்ஸை நிறுத்தாத இளம் குடும்பங்களுக்கு நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று வருடமாகக் கிணற்றைப் பார்த்துக்கொள்ளும் கடைக்காரருக்கும் நன்றி. அவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும், என்றாலும் சொல்ல மாட்டோம்.

இனிச் சொல்வது சிலருக்குச் சுடலாம். பெண் பிள்ளை பெரியவளானதற்கு நாங்கள் வைக்கும் சாமத்தியவீடுகளில் பிள்ளையைப் பல்லக்கிலும் வெள்ளைக் குதிரை வண்டியிலும் ஏற்றுகிறோம். அது உங்கள் சந்தோஷம், உங்கள் உழைப்பு. ஆனால் அந்த வண்டி ஒரு மணித்தியாலம் ஓடும் காசைக் கேட்டால், ‘இந்த வருடம் கொஞ்சம் இறுக்கம் தம்பி’ என்று பதில் வருகிறது. வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஆறுமுக நாவலர் பெருமானின் குருபூசைக்கு வருடா வருடம் வந்திருந்து அன்னதானம் உண்கிறோம். அந்த ஒரு பிடி அரிசி எங்கே?

வருமான வரி கட்டுபவர்கள் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திட்டால், நீங்கள் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். குறைகிற தொகை முழுவதும் அப்படி வந்தால் 3,656 பவுண்ஸ் போதும். கடந்த 4 வருடத்தில் எங்களுக்குத் தந்த காசுக்கும் இப்போது கையெழுத்திடலாம். இதை மூன்று வருடமாகச் சொல்கிறோம், படிவங்கள் மேசையில் தூசி பிடிக்கின்றன.

வரும் மூன்று சனிக்கிழமையும் வகுப்பு முடியும்வரை வாசல் மேசையில் இருப்போம், பற்றுச்சீட்டு உடனே தருவோம். வங்கி வழியாக அனுப்புவோர் குறிப்பில் ‘கோடை’ என்று போடுங்கள், போன முறை பலரின் காசு புத்தகக் கட்டணத்தோடு கலந்துவிட்டது. வாக்குச் சொல்லி மறந்தவர்களின் பட்டியலும் எங்களிடம் இருக்கிறது. அதைச் சுவரில் ஒட்ட மாட்டோம், தொலைபேசியில் எடுப்போம்.

கோடைத் தொண்டுக் குழு