பால் பணம் வாங்கும் இடத்திலேயே சேமிப்பையும் வாங்குங்கள்

பாலக்காடு மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சிற்றூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் சேமிப்பு குறித்து இம்மடலை எழுதுகிறேன். எங்கள் பெண்களுக்குச் சேமிக்கும் பழக்கமில்லை என்று சொல்வோர் உண்டு. அது சரியன்று. பால் பணத்திலும் நூறு நாள் வேலைக் கூலியிலும் மிச்சம் பிடித்த சிறுவாட்டுக் காசுதான் இங்கே பள்ளிக் கட்டணமாகவும் சீர்வரிசையாகவும் ஆகிறது. 1998-இல் தொடங்கிய, கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் (அக்கம்பக்கப் பெண்கள் சேர்ந்த சுயஉதவிக் குழுக்களில்) வாரந்தோறும் சிறு தொகை கட்டிவருபவர்களும் இவர்களே.

ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பங்கு உங்களிடம் வருவதில்லை, பலகாரச் சீட்டுக்குப் போகிறது. தீபாவளி கழிந்த வாரமே சீட்டு தொடங்கிவிடும். சீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்து, நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, கோடு போட்ட நோட்டில் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டுப் போவார். வாரம் நூறு வீதம் 52 வாரத்தில் 5,200 ரூபாய் சேரும். அடுத்த தீபாவளிக்கு எண்ணெய், சர்க்கரை, மாவு, துணி என்று கைக்கு வரும். கட்டியவரிடம் ரசீது எதுவும் இராது. எங்கள் தெருவிலேயே ஐப்பசி பிறக்குமுன் நோட்டோடு ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட, கட்டியவர்கள் வாய்விட்டு அழக்கூட முடியாமல் நின்றார்கள், ஏனெனில் பலர் வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் கட்டியவர்கள். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்குத் தடை விதிக்கும் சட்டம் 2019-இலேயே வந்துவிட்டது. கையில் துண்டுச் சீட்டும் இல்லாதவர் எதைக் காட்டி முறையிடுவார்?

வங்கியில் போட்டால் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பதை இவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எனினும், ஐம்பது ரூபாய் கட்டுவதற்காகப் பேருந்துக் காசும் அரைநாள் கூலியும் இழந்து கிளைக்கு வந்து, மலையாளத்தில் அச்சிட்ட படிவத்தை நிரப்பித் தர யாரையாவது கெஞ்சி நிற்க வேண்டியிருக்கும்வரை, வாசலுக்கு வரும் சீட்டையே அவர்கள் நம்புவார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாசலுக்குப் போய் வசூலிப்பது வங்கிகளுக்குப் புதியதும் அன்று. உடுப்பியில் தோன்றி, பின்னர் சிண்டிகேட் வங்கி என்று பெயர் பெற்ற நிறுவனம், 1928-இலேயே தினம் இரண்டணா வீதம் வீடு வீடாகப் பெறும் பிக்மி சேமிப்பைத் தொடங்கியது. அந்த வங்கி 2020-இல் கனரா வங்கியோடு இணைந்தது. கணக்கேட்டைக் கையால் எழுதிய காலத்தில் முடிந்தது, கைபேசியில் ரசீது அடிக்கும் இன்று முடியாதா?

ஆகவே, பால் சங்கங்களில் பணம் பட்டுவாடா ஆகும் நாளன்று வங்கித் தொடர்பாளர் (வங்கியின் சார்பில் ஊரிலேயே பணம் பெறும் முகவர்) ஒருவரை அங்கேயே அமர்த்துங்கள். இருபது ரூபாயானாலும் வாங்கி, அச்சிட்ட ரசீதை அப்போதே கொடுக்கச் செய்யுங்கள். தீபாவளிக்கு முன் முதிரும் ஓராண்டுச் சேமிப்பு ஒன்றை வகுத்து, இடையில் மருத்துவச் செலவு வந்தால் அபராதமின்றி எடுக்க வழிவையுங்கள். படிவமும் கணக்குப் புத்தகமும் தமிழிலும் வேண்டும். அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதிக்கொள்ளும் உரிமையை 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இம்மாநிலத் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அளித்திருக்கும்போது, வங்கியில் அவ்வசதி இல்லாதிருப்பது முறையாகாது.

புதிய சீட்டுகள் இந்தத் தீபாவளி கழிந்ததும் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரே ஒரு பால் சங்கத்திலாவது இதைத் தொடங்கிப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதியைச் சேர்ந்த ஒரு பால் உற்பத்தியாளர்