எக்ஸ்பீரியன்ஸுக்கு எஸ் போடாதே

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் பிரஷர் பரவாயில்லை. வெள்ளவத்தையில் மழை விட்டபாடில்லை. நீ கெயார் ஹோமில் டியூட்டி முடிந்து களைத்து வரும்போது போனில் பிடித்து வைக்கக் கூடாதென்றுதான் எழுதுகிறேன்.

ரியூஷன் பிள்ளைகளுக்கு இப்போது ஆங்கிலத்தில் நவுன், அதாவது பெயர்ச்சொல், நடக்கிறது. ப்ரொப்பர், கொமன், கலெக்டிவ், அப்ஸ்ட்ராக்ட் எல்லாவற்றையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். வசனம் எழுதச் சொன்னால் அட்வைஸுக்கும் ஃபேர்னிச்சருக்கும் பின்னால் ஒரு எஸ்! நேற்று ஒருவன் இன்ஃபர்மேஷன்ஸ் என்று எழுதி அடியில் சிவப்புக் கோடும் போட்டிருந்தான். உன் நினைவுதான் வந்தது. ஏஎல் வகுப்பில் படிக்கும்போதே எட்டுச் சொல்வகையையும் மூச்சு விடாமல் சொல்வாய்; கட்டுரையில் எக்விப்மென்ட்ஸ் என்று எழுதி வைப்பாய்.

நீ எழுதுகிற ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில், ரைட்டிங்கில் நாலில் ஒரு பங்கு மார்க் இலக்கணத்துக்கு. இங்கிலாந்தில் தாதியாகப் பதிய ரைட்டிங்கில் 6.5 போதும், மற்ற மூன்று பகுதியிலும் 7 வேண்டும். உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். அட்வைஸ், எக்விப்மென்ட் மாதிரி எண்ண முடியாத பெயருக்கு எஸ் இல்லை, முன்னால் ஏ, ஆன் இல்லை, மெனி இல்லை, மச் தான். கிராஃப் வந்தால் நோயாளிகளுக்கு நம்பர் ஒஃப், காசுக்கு அமௌன்ட் ஒஃப். வார்ட்டில் வேலை செய்த அனுபவம் எக்ஸ்பீரியன்ஸ், எத்தனை வருடமானாலும் எஸ் கிடையாது. அங்கே உனக்கு நடந்த சம்பவங்களைச் சொன்னால் மட்டும் எக்ஸ்பீரியன்ஸஸ். பொலிஸுக்கு எப்போதும் ஆர், இஸ் இல்லை.

அப்புறம் சொல்லைப் பார்த்தவுடன் வகை சொல்லாதே. டொக்டர் போகிற வார்ட் ரவுண்டில் ரவுண்ட் பெயர்ச்சொல், ரவுண்ட் டேபிளில் அட்ஜெக்டிவ், ரவுண்ட் த கோர்னரில் ப்ரெபொசிஷன். வசனத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார். எஸ்ஸையும் பார். எழுதி முடித்துக் கடைசி ஐந்து நிமிடம் எஸ்ஸை மட்டும் பார்.

கதிரேசன் கோயிலில் பெரியம்மா உன்னைக் கேட்டா. எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டில் தாதியாகப் போகிற முதல் பிள்ளை என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னா. எனக்கும் பெருமைதான். ஆனால் மெசேஜுக்கு ஒரு தம்ஸ்அப் மட்டும் அனுப்புகிற பழக்கம் எங்கிருந்து வந்தது? இராத்திரி இரண்டு மணிக்கும் நீ ஒன்லைனில் இருக்கிறாய், எனக்குத் தெரிகிறது. சாப்பிடுகிறாயா?

பரீட்சைப் பெறுபேறு வர வேண்டிய கிழமை போய்விட்டது என்று அப்பா கலண்டரைப் பார்த்துச் சொன்னார். உன்னிடம் கேட்கக் கூடாதென்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. திரும்ப எழுதுவதென்றால் கட்டணத்துக்கு ஃபிக்ஸ்ட் டெபோசிட்டை உடைக்கலாம், வட்டிதான் கொஞ்சம் போகும். சித்தி அடுத்த மாதம் லண்டன் வருகிறா. மிளகாய்த்தூள் எவ்வளவு வேண்டும் என்றாவது எழுது.

அன்புடன்,
அம்மா