ஐந்து விரலும் அகல விரித்து

அன்புள்ள யாழினி,

"மாமா, பி.ஏ. ஹிஸ்டரி கிடைச்சிருக்கு. இத்தனை வருஷத்தையும் எப்படி மனப்பாடம் பண்றது?" என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பின்னால் உன் அப்பா விட்ட பெருமூச்சும் அதில் பதிவாகியிருக்கிறது. அவர் கவலை அவருக்கு.

வருஷங்களை விடு, புத்தகத்தைப் புரட்டினால் கிடைக்கும். நான் முதலாண்டு படித்தபோது எங்களை உத்திரமேரூருக்குக் கூட்டிப்போனார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து, ஊர் நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறைதான் குடவோலை. பள்ளிப் பேச்சுப்போட்டியில் "அன்றே மக்களாட்சி கண்டான் தமிழன்" என்று முழங்கிக் கோப்பை வாங்கியவன் நான். அதையே பேராசிரியரிடமும் எடுத்துவிட்டேன். அவர் மறுக்கவில்லை. "குடத்துக்குள்ள யார் பேரெல்லாம் விழும்? படிச்சுப் பாரு" என்றார், அவ்வளவுதான்.

எழுத்துக்கூட்டிப் படித்தோம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும். வீடு சொந்த மனையில் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். கூடியது பிராமணர் சபை. அந்த நிலத்தில் ஏர் பிடித்தவன் பெயர் ஓலையில் ஏற வழியே இல்லை. என் கோப்பை அன்றைக்கே கறுத்துப்போனது.

"அப்போ எல்லாம் வெறும் பெருமைதானா சார்?" என்றேன். அதற்கும் அவர் தலையாட்டவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு கல்வெட்டைக் காட்டினார். ஒன்று 919இல் வெட்டியது, மற்றது 921இல். "ரெண்டே வருஷத்துல ஏன் மறுபடி வெட்டினாங்க?"

நியாயமான கேள்வி. கல்லில் வெட்டுவது லேசான காரியமா? முதல் கல்வெட்டில் வயது 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70. நிற்கத் தகாதவர் பட்டியலும் நீண்டுவிட்டது. வாரியத்தில், அதாவது ஊர்க் காரியம் பார்க்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் உறவுக்காரர்களும் கூடாது. பிறர் பொருளைத் திருடியவன் கூடாது. ஓலை எடுக்கும் முறையைப் பார், இன்னும் வேடிக்கை. உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரல் இடுக்கில் வேறு ஓலையைச் செருகி வைத்திருந்த எவனோ ஒருவன் கண்முன் வந்து நின்றான். "மாட்டிக்கிட்டான் சார்!" என்றேன். "அது உன் ஊகம். கல்லுல அப்படி இல்லை. நோட்டுல எழுதும்போது 'இருக்கலாம்'னு எழுது" என்றார்.

அந்த 'இருக்கலாம்' கைவர எனக்கு மூன்று வருஷம் ஆனது. எதையும் படிக்கும்போது இதை எழுதச் சொன்னவர் யார், எதைத் தடுக்கப் பார்க்கிறார், இதில் யார் பேச்சே இல்லை என்று மனசு தானாகத் துழாவ ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான் படிக்கிறேன் என்று உன் அத்தை திட்டுகிறாள்.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு முறையும் அரசன் ஆணைப்படி ஓர் அதிகாரி சபையில் உடனிருந்திருக்கிறார். ஊர்ச் சண்டையைத் தீர்க்க வந்தாரா, ஊரைப் பிடிக்குள் வைக்க வந்தாரா?

பூஜை லீவுக்கு வா, போய்ப் பார்ப்போம். காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். வெயில் சாய்ந்து விழுந்தால்தான் எழுத்து தெரியும்.

அன்புடன்,
மாமா